குமரி மாவட்ட சேனலில் செய்தி வாசிக்கப் போகிறீர்களா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து கேபிள் சேனல்களுக்குச் செய்தி வாசிக்க வருகிறவர்கள் முகத்தையும் குரலையும் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். நாங்கள் பார்த்தவரை ஆளை நிலைக்க வைப்பது ஊர்ப் பெயரும் எண்ணும்தான். முளகுமூட்டை 'முலகுமூடு' என்று வாசித்தால் புல்லட்டின் முடியும் முன்பே போன் வந்துவிடும்.

இதழியல் பட்டம் இருந்தால் நல்லது, ஆனால் உள்ளூரில் பெரும்பாலும் வற்புறுத்துவதில்லை. இரண்டு நிமிட டெமோ போதும். போனைக் கிடைமட்டமாக வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, காலர் மைக்கில், ஃபில்டர் இல்லாமல் எடுங்கள். நாகர்கோவில் வானொலி 1984-ல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாகத் தொடங்கியது. அங்கே பகுதி நேர அறிவிப்பாளர் தேர்வு அறிவித்தால் விடாதீர்கள். வானொலியில் பழகிய நாக்கு டிவியில் தடுமாறுவது குறைவு.

குரல் தேர்வில் முன்பே பார்க்காத தாளைத்தான் கொடுப்பார்கள், பெரும்பாலும் ஆட்சியர் அலுவலகச் செய்தி வெளியீடு. ஒரே வாக்கியம் ஆறு வரி ஓடும். வாசிக்கும் முன் அரை நிமிடம் கேட்டு வாங்கி, மூச்சு விடும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ழகரம் இயல்பாக வரும், அது பெரிய சொத்து. 'காற்று', 'வெற்றி' போன்ற சொற்களில் ற்ற மலையாளச் சாயலில் விழுவதும், வாக்கிய முடிவை இழுத்து ஏற்றுவதும்தான் அவர்களுக்குச் சிக்கல். தினமும் பதிவு செய்து கேட்டால் சில மாதங்களில் சரியாகிவிடும்.

எடுத்த எடுப்பில் நாற்காலி கிடைக்காது. வாய்ஸ் ஓவர் (காட்சிக்குப் பின்னணிக் குரல் கொடுப்பது), ஸ்க்ரோல் (திரையின் அடியில் ஓடும் வரி) அடிப்பது, பைட் (பேட்டித் துணுக்கு) வெட்டுவது என்றுதான் தொடங்கும். இதை இழுத்தடிப்பு என்று நினைக்க வேண்டாம், மாவட்டத்தைக் கற்பது இங்கேதான். அணை நீர்மட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. '47 அடி' என்ற எண் பேச்சிப்பாறையில் என்றால் ஆற்றங்கரைக்காரர் தூங்க மாட்டார். பெருஞ்சாணியில் என்றால் இன்னும் 30 அடி பாக்கி. இரண்டையும் ஒரே குரலில் வாசிப்பவருக்குச் செய்தி புரியவில்லை என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். 43.25 என்பதை 'நாற்பத்து மூன்று புள்ளி இரண்டு ஐந்து' என்று வாசியுங்கள்; 'புள்ளி இருபத்தைந்து' வேண்டாம்.

கடல் எச்சரிக்கையில் இன்னும் கவனம். கள்ளக்கடல், அதாவது உள்ளூரில் காற்று இல்லாமலே திடீரென எழும் பேரலை, பற்றிய எச்சரிக்கை என்றால் எந்தக் கரையிலிருந்து எந்தக் கரை வரை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அலை எத்தனை மீட்டர் என்ற மூன்றும் வர வேண்டும். 'இன்று இரவு' என்று எழுதியிருந்தால் தேதியும் கிழமையும் சேர்த்துத் திருத்துங்கள். இரவு புல்லட்டினை மறுநாள் காலை மறுஒளிபரப்பு செய்வார்கள். அப்போது 'இன்று' பொய்யாகிவிடும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபின் காணாமல் போன மீனவர் எண்ணிக்கை அரசுப் பட்டியலில் ஒன்றாகவும் பங்குத் தேவாலயங்களின் பட்டியலில் வேறாகவும் இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் யார் சொன்ன எண், எத்தனை மணி நிலவரம் என்பதைச் சேர்க்காமல் எண்ணை வாசிக்கவே கூடாது. வீட்டில் காத்திருப்பவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்டுடியோ விஷயங்கள் சீக்கிரம் பழகும். கிரீன் மேட்டுக்கு (பின்னணிப் படம் சேர்ப்பதற்கான பச்சைத் திரை) முன் பச்சை உடை வேண்டாம். நெருக்கமான கட்டமும் கோடும் திரையில் அலையடிக்கும். மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். செயின் அதில் உரசினால் கரகரப்பு கேட்கும், எடிட்டில் போகாது. பிராம்ப்டரில் (வாசிக்க வேண்டியதைக் கேமரா முன் ஓட்டிக் காட்டும் திரை) ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் வைக்கச் சொல்லுங்கள், வரி நீண்டால் கண் இடவலமாக ஓடுவது தெரியும். பிராம்ப்டர் எப்போது வேண்டுமானாலும் நிற்கும். அதனால் ரன்டவுன் (செய்திகள் வரும் ஒழுங்குப் பட்டியல்) வரிசையில் தாள் கையில் இருக்க வேண்டும். பைட் ஓடாவிட்டால் பக்கவாட்டில் பார்க்காமல் அதன் சாரத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போங்கள்.

சட்டம் தெரியாமல் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கில் குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிட 23-வது பிரிவு தடை செய்கிறது. பெயரை மறைத்துவிட்டு ஊரையும் பள்ளியையும் வகுப்பையும் வாசித்தால், இவ்வளவு சிறிய மாவட்டத்தில் பெயரைச் சொன்னதற்குச் சமம். இரு தரப்பு மோதல் செய்தியில் போலீஸ் உறுதி செய்யும் முன் மதப் பெயரோ சாதிப் பெயரோ வாயில் வரக் கூடாது. 1982 மண்டைக்காடு கலவரத்தைக் கண்ட மாவட்டம் இது. எடிட்டர் எழுதிக் கொடுத்திருந்தாலும் கேட்டுவிட்டு வாசிப்பதுதான் முறை.

சம்பளம் மாதத்துக்கா புல்லட்டினுக்கா, விளம்பரம் பிடிக்கும் வேலையும் சேர்த்தா, கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேர் போன்ற நேரடி வர்ணனைக்குத் தனிப்பணம் உண்டா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். பின்னால் கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

சென்னைக்குப் போக நினைப்பவர்கள் வாராவாரம் தங்கள் கிளிப்பை நகல் எடுத்து வையுங்கள். சேனல் கணினியில் இடம் நிரம்பினால் பழையதை அழித்துவிடுவார்கள். வெளியே கொடுக்க எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வேலை கேட்டு அனுப்பும் ரீல் (கிளிப்களின் தொகுப்பு) மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பளபளப்பான தொடக்கத்தைவிட, மழை வெள்ளத்தில் குழித்துறை பாலத்தடியில் நின்று தாளில்லாமல் பேசிய ஒரு நிமிடத்தை முன்னால் வையுங்கள். தேர்வு செய்பவர்கள் அதைத்தான் முழுதாகப் பார்க்கிறார்கள்.