எதிர் அயக்காந்த உலோகத்தில் மின்னோட்டம் எதைத் திருப்புகிறது?

எதிர் அயக்காந்த உலோகம் ஒன்றில் அடுத்தடுத்த அணுக்களின் காந்தத் திருப்பங்கள் (ஒவ்வோர் அணுவையும் சிறு காந்தமாகக் காட்டும், திசையுடைய அளவுகள்) எதிரெதிர்த் திசைகளை நோக்கி நிற்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது காந்தமாகவே தெரியாது. இவ்வகைக் காந்த ஒழுங்கை விளக்கி 1970 இல் நோபல் பரிசு பெற்ற லூயி நெயிலே, இப்பொருட்கள் கோட்பாட்டளவில் சுவையானவை, ஆனால் பயன்பாடு எதுவும் தென்படவில்லை என்ற கருத்தைத் தமது நோபல் உரையில் கூறியிருந்தார். இன்றோ அந்த ஒழுங்கின் அச்சை, அதாவது எதிரெதிர்த் திருப்பங்கள் கிடக்கும் கோட்டை, மின்னோட்டத்தைக் கொண்டே திருப்ப முடிகிறது.

இரும்பு போன்ற சாதாரண அயக்காந்தத்தில் (திருப்பங்கள் யாவும் ஒரே திசையை நோக்கும் பொருளில்) இது நிகழும் விதத்தை ஸ்லொன்சூஸ்கி, பேர்ஜர் ஆகிய பௌதிகவியலாளர் இருவரும் 1996 இல் தனித்தனியே விளக்கினர். ஒரு காந்தப் படலத்தைக் கடந்து வரும் இலத்திரன்களின் தற்சுழற்சி (ஒவ்வோர் இலத்திரனும் இயல்பாகவே கொண்டுள்ள கோணவுந்தம், அதாவது சுழற்சியின் அளவு) ஒரு திசையில் ஒழுங்குபட்டிருக்கும். அவை அடுத்த படலத்தினுள் நுழைகையில், அதன் காந்தத் திருப்பத்துக்குக் குறுக்கான கோணவுந்தத்தை மேற்பரப்பை ஒட்டிய சில அணுத் தளங்களுக்குள்ளேயே இழந்துவிடும். இழந்தது காந்தத்துக்குப் போய்ச் சேர்ந்து அதைத் திருப்புகிறது, அதுவே முறுக்கம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வளாகத்தில் படிக்கும் மாணவி ஒருவர் என்னிடம் கேட்டார்: "சேர், மொத்தக் காந்தத் திருப்பம் பூச்சியம் என்றால், இலத்திரன் கொடுக்கிற கோணவுந்தத்தை யார் வாங்குவது?" கேட்கவேண்டிய கேள்விதான் இது. மொத்தக் கோணவுந்தத்தின் வரவு செலவுக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவர்களால் இதற்கு விடை சொல்ல இயலாது.

சைக்கிளின் கைபிடியைத் திருப்பும்போது ஒரு கை தள்ளுகிறது, மறு கை இழுக்கிறது. இரு விசைகளின் கூட்டுத்தொகை பூச்சியமாக இருந்தாலும் கைபிடி திரும்புகிறது. இங்கும் அதே நிலைதான். ஓர் அணுவின் திருப்பம் கிழக்கையும் அடுத்ததன் திருப்பம் மேற்கையும் நோக்குகின்றன என்று கொள்வோம். மின்னோட்டத்தால் இலத்திரன்களிடம் மேல்நோக்கிய சிறு தற்சுழற்சி அடர்த்தி தோன்றி, அது இரு அணுக்களிலும் ஒரே அளவாக இருந்தால், குறுக்குப் பெருக்கத்தின்படி (இரு திசைகளுக்கும் செங்குத்தான மூன்றாம் திசையைத் தரும் பெருக்கத்தின்படி) ஒன்றன் மீதான முறுக்கம் வடக்கையும் மற்றதன் மீதான முறுக்கம் தெற்கையும் நோக்கும். கூட்டினால் பூச்சியம், ஆயினும் இரண்டும் ஒரே சுற்றில் திரும்புவதால் அச்சு முழுவதும் திரும்புகிறது. ஆகவே கேட்கவேண்டியது மொத்தத்தைப் பற்றியன்று, ஒவ்வோர் அணுவின் இடத்திலும் இலத்திரன்களின் தற்சுழற்சி அவ்வணுவின் திருப்பத்திலிருந்து எவ்வாறு விலகி நிற்கிறது என்பதைப் பற்றியே.

நூன்யெஸ், டுயினே, ஹேனி, மக்டொனால்ட் ஆகியோர் 2006 இல் வெளியிட்ட கோட்பாட்டின் உயிர்நாடி இதுவே. இந்த முறுக்கம் மேற்பரப்போடு நின்றுவிடாமல் பருமன் முழுவதிலும் செயற்படக்கூடும் என்றும், உருவத்தால் எழும் திசைச்சார்பு (காந்தத்தை ஒரு திசையிலேயே நிற்கவைக்கும் போக்கு) இல்லாததால் தேவைப்படும் மின்னோட்டம் அயக்காந்தத்தை விடக் குறைவாக இருக்கலாம் என்றும் அவர்கள் காட்டினர். மிகத் தூய்மையான, ஒழுங்கு குலையாத படலங்களை வைத்துச் செய்த கணக்கு அது என்பதை நாம் மறக்கலாகாது.

செய்முறையில் வழி திறந்தது வேறொரு பக்கத்தால். செப்பு, மங்கனீசு, ஆசனிக்கு ஆகியவை சேர்ந்த பளிங்கு ஒன்றில் எதிரெதிர்த் திருப்பமுடைய இரு மங்கனீசு இடங்களும் ஒன்றுக்கொன்று தலைகீழான சூழலில் அமைந்துள்ளன. அதனால், வெளியிலிருந்து தற்சுழற்சி எதுவும் வராமலே, ஒரே மின்னோட்டம் ஓரிடத்தில் ஒரு திசையிலும் மற்றதில் எதிர்த்திசையிலும் செயற்படும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. திருப்பங்கள் கிடக்கும் தளத்திலேயே எங்கும் ஒரே திசையிலுள்ள புலம் ஒன்றைத் தள்ளும் அளவுக்கு மற்றதை எதிர்க்கும். மாறிமாறி வரும் புலமோ இரண்டையும் ஒருங்கே தன் வழிக்குக் கொண்டுவருகிறது. பொன், மங்கனீசு கலந்த பளிங்குக்கு 2014 இல் செலெஸ்னி குழுவினர் இதனை முன்னுரைத்தனர். 2016 இல் வாட்லி குழுவினர் செப்புச் சேர்வையில், அறை வெப்பநிலையிலேயே, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு பாதைகளில் மின்துடிப்புகளை மாறிமாறிச் செலுத்தி, அச்சு திரும்புவதை மின்தடையின் மாற்றத்தால் கண்டனர்.

ஆனால் மின்தடையின் மாற்றத்தை மட்டும் கண்டு மகிழ்வது போதாது. எதிர் அயக்காந்தமே இல்லாத பிளாற்றினப் படலத்திலும் வலிய துடிப்புகள் ஒத்த சைகையைத் தந்தன என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. சூடேறுவதாலும் அணுக்கள் இடம்பெயர்வதாலும் அது எழக்கூடும். எனவே இத்துறையில் புதிய கட்டுரை ஒன்றை வாசிக்கும் மாணவர்கள், எக்ஸ் கதிர் கொண்டு காந்த ஆட்சிப்பகுதிகளை (அச்சு ஒரே திசையில் நிற்கும் பகுதிகளை) நேரே படம்பிடித்திருக்கிறார்களா என்பதையே முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.