சைலன்ட் வேலி: முக்காலியில் ஜீப் ஏறுவதற்கு முன்

கேரளத்தின் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் ஜீப் ஏறும் இடம் முக்காலி. கோவையிலிருந்து தடாகம், ஆனைகட்டி, அகளி வழியாக அங்கே போய்ச் சேர இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பூங்காவுக்குள் இருக்கும் சைரந்திரி வரை 23 கி.மீ. காட்டுப்பாதை. சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. முக்காலி வனத்துறை அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டி, ஜீப்புக்கும் வழிகாட்டிக்கும் பணம் கட்டவேண்டும். ஜீப்புக்கு மொத்த வாடகை என்பதால் இருவராகப் போகிறவர்கள் வரிசையிலேயே இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டால் செலவு பாதியாகும். அகளி, முக்காலி இருக்கும் அட்டப்பாடிப் பகுதியில் தமிழ் நன்றாகவே செல்லும்.

முதல் ஜீப் காலை 8 மணிக்குக் கிளம்பும். அதைப் பிடிக்க முந்தைய நாளே போனில் சொல்லிவைத்து, இரவு அகளியிலோ முக்காலியிலோ தங்குவது நல்லது. வெயில் ஏறியபின் போனால் மரங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். விடுமுறை நாள்களில் பத்து மணிக்கு வந்து நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். போய்வர நாலைந்து மணி நேரம் ஆகும். பாதை குலுக்கி எடுக்கும். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். பிளாஸ்டிக் உள்ளே போகாது.

எதையும் பார்க்கவில்லை என்று குறைபட்டுத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் சாலையை மட்டுமே பார்த்தவர்கள். இங்கே உயிர்கள் தலைக்கு மேலே இருக்கின்றன. தரையில் கவனிக்க வேண்டியது ஒன்றே: வெடிப்பலா மரத்துக் காயின் முள் ஓடு. குட்டி டுரியன் போல, விரல் வைத்தால் குத்தும். ஓடு பிளந்து, உள்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தால், ஜீப்பை நிறுத்தச் சொல்லிப் பேசாமல் மேலே பாருங்கள். சோலைமந்திக்கு, அதாவது சிங்கவால் குரங்குக்கு, மிகப் பிடித்த உணவு அது. கருமந்தியை (நீலகிரி லங்கூர்) பார்த்துச் சோலைமந்தி என்று மகிழ்ந்துபோகிறவர்கள் நிறைய. முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம், இரண்டும் இருந்தால்தான் சோலைமந்தி. கருமந்தியின் வால் நீளமானது, குஞ்சம் இருக்காது. எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 பைனாகுலர் போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் ஆடும் கைக்குப் பயனில்லை.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனி படியும். துடைத்தாலும் திரும்பத் திரும்பப் படியும். இரவே பைக்குள் வைத்து இறுக மூடி, காலையில் வெளியே கொண்டுவந்து, பை வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறப்பதுதான் வழி.

மழை பெய்த மறுநாள் என்றால் இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி நிச்சயம். முழங்கால் வரை வரும் நெருக்கமான துணியில் தைத்த அட்டைக் காலுறையைப் பேன்ட்டுக்கு மேல் இழுத்துக் கட்டி, அதன் மேல் ஷூ போடுங்கள். சாதாரண சாக்ஸின் இழைகளுக்குள் அது நூல் போல நுழைந்துவிடும். நடக்கும்போது ஏறுவதைவிட, படம் எடுக்க நிற்கும்போது ஏறுவதே அதிகம். கடித்துவிட்டால் உப்பும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். மெலிந்த முனையில்தான் வாய் இருக்கும். அங்கே தோலை ஒட்டி நகத்தை நுழைத்துத் தள்ளினால் பிடி விடும். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் கசிவு வெகுநேரம் நிற்காது. பயப்பட வேண்டாம், கழுவிப் பஞ்சு வைத்து அழுத்திக் கட்டுங்கள்.

சைரந்திரியில் 30 மீட்டர் உயரக் காவல் கோபுரம் இருக்கிறது. உச்சியில் காற்றடிக்கும், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். கீழே குந்திப்புழை. அதன் குறுக்கே நீர்மின் அணை கட்டத் தேர்ந்திருந்த இடமும் இந்தச் சைரந்திரிதான். எதிர்ப்பு வலுத்துத் திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் இது தேசியப் பூங்காவானது. எங்கே தண்ணீர் நின்றிருக்கும் என்று வழிகாட்டியைக் கேளுங்கள், கைநீட்டிக் காட்டுவார். அந்தப் பச்சை முழுவதும்.