பத்தாம் வகுப்பில் டிஸ்லெக்சியா எப்படித் தெரியும்?

டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பிலும் எழுத்திலும் திணறவைக்கும் கற்றல் குறைபாடு என்றதும், 'எழுத்தைத் திருப்பிப் போடுகிறானா?' என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் அதைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. தமிழில் எழுத்தும் ஒலியும் ஓரளவு ஒத்துப்போவதால் திக்கித் திணறியாவது வாசித்துவிடுவார்கள். வேகம்தான் வராது. ஆங்கிலப் பாடத்தில் எழுத்துப்பிழை தனியாகக் கொட்டும்.

விடைத்தாளை எடுத்துப் பாருங்கள். ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பேச்சில் ழகரமே வராத ஊர்களில் அது பாதி வகுப்பின் தாளிலும் இருக்கும். ஒரே பக்கத்தில் ஒரே சொல் 'விளக்கம்', 'விளகம்', 'விக்களம்' என்று மூன்று விதமாக வந்தால்தான் யோசிக்க வேண்டும். ஒற்று விழும், குறில் நெடிலாகும். ஒற்றைக்கொம்பு எழுத்துகளில் இன்னொரு சிக்கல்: அது கெ-வா கொ-வா என்பது, எழுத்தைத் தாண்டிப் பின்னால் கால் இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். கண் அதுவரை போகாவிட்டால் 'கொடு' 'கெடு' ஆகிவிடும்.

பாடப்புத்தகத்தை வாசிக்கச் சொல்லிச் சோதிக்காதீர்கள். மனப்பாடம் எல்லாவற்றையும் மூடிவிடும். பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுங்கள். கூடவே 'தொமிகேவு', 'பளுசோக்கி' மாதிரி பொருளில்லாத பத்துச் சொற்கள். ஊகிக்க வழியில்லாததால் தடுமாற்றம் இங்கேதான் பளிச்சென்று தெரியும். தெரிந்த சொல் எதையாவது மாற்றி வாசிப்பதும் நடக்கும்.

பிறகு ஒரு நெடுவினாவை வாயால் சொல்லச் சொல்லி, மறுநாள் அதையே எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கோவையாகப் பேசிய பிள்ளை நான்கு வரியில் நிறுத்தினால், அது சோம்பேறித்தனம் இல்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போதும் கவனியுங்கள்: மற்றவர்கள் ஒரு தொடரை ஒரே பார்வையில் எடுத்துக்கொள்வார்கள், இவர்கள் இரண்டு எழுத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்குவார்கள். கணக்கில் எண்களாகக் கொடுத்தால் போடுவார்கள், வாக்கியக் கணக்கில் மாட்டிக்கொள்வார்கள்.

இவை வெறும் அடையாளங்கள்தான். முதலில் கண், காது பரிசோதனை. அடுத்து மருத்துவ உளவியலாளரிடம் மதிப்பீடு. பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் தயாரித்த சோதனைத் தொகுப்பைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. சிபிஎஸ்இ தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும். மாநிலப் பொதுத்தேர்விலும் சலுகை உண்டு, பள்ளி வழியாகத் தேர்வுத்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். எதற்கும் சான்றிதழ் வேண்டும். அதற்கு அலைய நாளாகும். திருப்புதல் தேர்வு வரை காத்திருக்காமல் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்.