மடியா, சீட்டா?

ரொறன்ரோவிலிருந்து கிளம்பும்போது நாலு பெட்டியும், காரில் கைக்குழந்தையை உட்காரவைத்துக் கட்டும் பிள்ளைச் சீட் ஒன்றும் கொண்டுவந்தோம். பெட்டிகளில் இருந்ததில் பாதி சென்னைக்கு உதவாது என்று தெரியும். சீட்டாவது உதவும் என்று நினைத்தேன்.

மனைவியின் வேலைக்காகத்தான் வந்தோம். எனக்கு ஊர் யாழ்ப்பாணம், வளர்ந்தது கனடா. சென்னையில் சொந்தம் என்று இருப்பது 1990 முதல் வளசரவாக்கத்தில் இருக்கும் சின்னம்மா மட்டும்தான். அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு எடுத்தோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஏழு மாதம். வாடகைக் காரில் போகும் ஒவ்வொரு முறையும் சீட்டைத் தூக்கி, மாட்டி, கழற்றி, மறுபடி தூக்கி... டிரைவர்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள், என் இடுப்புதான் இல்லை.

சரி, சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்றால், கனடாப் பழக்கத்தில் எனக்குப் பெரிய எஸ்யூவி மேல்தான் கண். எங்கள் தெருவில் தண்ணி லாரிக்கு வழிவிட ஒரு இன்னோவா முனைவரை ரிவர்ஸிலேயே போனதைப் பார்த்த அன்று அந்த ஆசை அடங்கியது. புது வண்டி என்றால் வரியும் இடித்தது: தமிழ்நாட்டில் 2023இல் கூட்டிய பிறகு, பத்து லட்சத்தைத் தாண்டி இருபது லட்சம் வரையுள்ள காருக்கு 18 சதவீதம் ஆயுள் வரி. மூன்று வருஷம் இருக்கப்போகிறவனுக்கு எதற்கு அது? செகண்ட் ஹேண்டில் எர்டிகா பார்க்கலாம் என்று முடிவெடுத்தோம். ஏழு பேர் உட்காரலாம், நீளம் நாலரை மீட்டருக்கும் குறைவு.

முதலில் பார்த்த வண்டி பளபளவென்று இருந்தது. கூட வந்த மெக்கானிக் கூரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சார், கைக்குழந்தை பின்பக்கம் பார்த்துத்தானே உட்காரும்? டேஷ்போர்டு காத்து சீட்டோட முதுகுல அடிச்சு நின்னுடும். மேல பின்னாடி ஏசி இருக்கிற மாடலா பாருங்க." பனிக்கால டயரையே யோசித்துப் பழகிய எனக்கு இது தோன்றவே இல்லை. கூரையில் ஏசி உள்ள 2019 மாடல், சிங்கிள் ஓனர், அடுத்த வாரம் கிடைத்தது.

அப்புறம்தான் சீட் தன் குணத்தைக் காட்டியது. கனடாக் கார்களில் பெல்ட்டை முழுதாக இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொள்ளும், சீட் அசையாது. இந்த வண்டியின் பெல்ட் அப்படியில்லை, சடக்கென்று இழுத்தால் மட்டுமே பிடிக்கும். எப்படிக் கட்டினாலும் சீட் தொட்டில் மாதிரி ஆடியது. கடைசியில் நடுவரிசை இருக்கையின் இடுக்கில் விரலைவிட்டுத் துழாவியபோது, பிள்ளைச் சீட்டை மாட்டுவதற்கென்றே உள்ள ஐசோபிக்ஸ் கம்பிகள் தட்டுப்பட்டன. சீட்டின் கொக்கிகள் அதில் 'டக்'கென்று விழுந்தன. பக்கவாட்டில் பிடித்து உலுக்கினேன், அசையவில்லை. மகளுக்குப் பின்வரிசையில் உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் வைத்தோம். அது அவளுடைய பால்கனி.

ஓட்டுவது தனிக்கதை. முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர்தான் ஓடியது, இண்டிகேட்டர் இங்கே வலது கைப்பக்கம். மே மாதம் பெல்ட்டின் உலோக நாக்கு சுட்டதில் மகன் வீறிட்டான், அதிலிருந்து நிறுத்தும்போதெல்லாம் சீட்டின் மேல் ஈரத்துண்டு. கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டப் போனால், 2012இலேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டதைச் சொல்லி, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைக்காரர் வலைத்திரையைக் கையில் கொடுத்தார். மழைக்குக் கிடைத்த புத்திமதி ஒன்றே ஒன்று: சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் இறங்காதே, இறங்கி வண்டி நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதே, எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடும்.

ஆனால் பெரிய பாடு சின்னம்மாவோடுதான்.

"பிள்ளையை ஏன் கட்டிப் போடுறாய்? என்ர மடியில தா."

சட்டத்தைச் சொன்னேன். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெல்ட்டோ பிள்ளைச் சீட்டோ இல்லாமல் இருந்தால் ஆயிரம் ரூபாய் அபராதம். "முப்பது வருசத்துக்கு மேல இஞ்ச இருக்கிறன். ஒருத்தனும் பிடிக்கேல்லை" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்காடு ரோட்டில் மெட்ரோ தடுப்புக்குப் பக்கத்தில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். அப்படியொன்றும் வேகம் இல்லை, முப்பதுக்குள்தான். சின்னம்மா மடியில் இரண்டு கையாலும் பிடித்து வைத்திருந்த டிபன் கேரியர் பறந்து முன்சீட்டுக்கு அடியில் போய் விழுந்தது. கார் முழுக்கச் சொதி. மகன் கண்கூடத் திறக்கவில்லை. சின்னம்மா தன் கைகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். மஞ்சள் கறையைத் துடைத்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் நடுவரிசையில் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கால்விரலைப் பிடித்துக்கொண்டே வருகிறார்.

போன வாரம் வண்டி சர்வீஸுக்குப் போயிருந்தது. டாக்டரிடம் அவசரமாகப் போக வேண்டியிருந்ததால் ஆட்டோ பிடித்தோம். அங்கே எதில் சீட்டை மாட்டுவது? மகனை அவர் மடியில் வைத்தேன்.

"இப்ப மட்டும் என்ர மடி வேணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு, போரூர் வரும்வரை அவனை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆட்டோக்காரரிடம் "மெதுவா போ தம்பி, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.