கூடு வந்து சேரும் நேரம்

ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு திருவிழாவுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போயிருக்கிறேன். ஒரு தடவைகூடச் சந்தனம் சுமந்து வரும் அந்தக் கூடு தர்காவுக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்ததில்லை. ராத்திரி ஊரிலிருந்து கிளம்பும் ஊர்வலம் விடியற்காலையில்தான் தர்காவை அடையும். அந்த நேரத்தில் நான் நண்பர்களோடு வந்த வேனில், பின்சீட்டில் நினைவில்லாமல் கிடப்பேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, வர முடியாது. எனக்காக அங்கே நேர்ந்துகொண்டவர் அவர்தான். வீடு திரும்பியதும், "கூடு எத்தனை மணிக்குப்பா வந்துச்சு?" என்பார். "நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுவேன்.

குடியை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. அதில் முதல் இரண்டு வருடம் எந்தத் திருவிழாவுக்கும் போகவில்லை. தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டாலே நாக்கு ஊறும். ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். சின்ன வயதிலிருந்து கொட்டு என்றால் எனக்கு உயிர். அதையும் சேர்த்து இழந்துவிட்டேனே என்று பல நாள் அழுதிருக்கிறேன்.

இந்த வருடம் என் ஸ்பான்சரிடம் கேட்டேன். ஏ.ஏ. என்பது குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு. அதன் கூட்டங்களில், நமக்கு முன்பே குடியை நிறுத்தி, குடியிலிருந்து மீள அங்கே சொல்லும் பன்னிரண்டு படிகளிலும் நம்மோடு கூடவே வருகிறவரை அப்படிச் சொல்வோம். எனக்கு அவர் அண்ணன்.

"எதுக்குப் போகணும்?"

"கொட்டு கேக்கணும்ணே. கூடு வர்றதை ஒரு தடவை பாக்கணும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, நானும் வர்றேன். அந்த வேன்ல மட்டும் ஏறாதே."

மதுரையில் விடிவதற்கு முன் பஸ் பிடித்தோம். ராமநாதபுரத்தில் மாறி, திருப்புல்லாணி வழியாகக் கீழக்கரை. அங்கே அரைக்கிலோ தொதல் வாங்கிப் பையில் வைத்தார் அண்ணன். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய, கையில் ஒட்டுகிற அந்த அல்வா எதற்கென்று ராத்திரிதான் புரிந்தது.

சந்தனக்கூடு துல்கஃதா என்ற இஸ்லாமிய மாதத்தில் வரும். பிறைக் கணக்கு என்பதால் வருடத்துக்குப் பதினோரு நாள் போல முன்னால் நகரும். இந்தத் தடவை நல்ல கோடையில் வந்தது, பதநீர்க் காலம். ஏர்வாடியில் இறங்கியதும் பனையடியில் ஒருவர் பனையோலைப் பட்டை பிடித்துப் பதநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தொண்டை காய்ந்திருந்தும் எனக்குத் தயக்கம். அண்ணன் கலயத்தைக் காட்டச் சொன்னார். உள்பக்கம் முழுக்க வெள்ளையாகச் சுண்ணாம்பு. ஒரே பாளையில் ஒரே சாறுதான். சுண்ணாம்பு பூசிய கலயத்தில் விழுந்தால் பதநீர், பூசாத கலயத்தில் விழுந்தால் வெயில் ஏறுவதற்குள் கள். விரல் நுனியால் அந்தச் சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு மெல்லிய பூச்சு. அப்புறம் இரண்டு பட்டை குடித்தேன்.

பகலெல்லாம் கடற்கரை நிழலில் கிடந்தோம். ஒலிபெருக்கியில் நாகூர் ஹனிபாவின் குரல். நாகூர் என்று பெயரில் இருந்தாலும் அவர் பிறந்தது இந்த ராமநாதபுரத்தில்தான். அண்ணன் அமெரிக்கக் கதை ஒன்று சொன்னார். அங்கே கிரேட்ஃபுல் டெட் என்று ஒரு இசைக்குழு. கச்சேரி என்றால் மைதானம் முழுக்கக் குடியும் போதைமருந்தும். அதையெல்லாம் விட்ட ரசிகர்கள் சிலருக்குப் பாட்டை விட மனமில்லை. 1980-களில் ஒன்று சேர்ந்து கச்சேரிக்குப் போக ஆரம்பித்தார்கள். கூட்டத்தில் அடையாளம் தெரிய மஞ்சள் பலூன் பிடித்துக்கொள்வார்கள். இடைவேளையில் பலூன் இருக்கும் இடத்தில் கூடிப் பேசிவிட்டு மறுபடி பாட்டுக்குப் போவார்கள். வார்ஃப் ராட்ஸ் என்று பெயர், அந்தக் குழுவின் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது.

சாயங்காலம் பலூன்காரரிடம் ஒரு மஞ்சள் பலூன் வாங்கி என் தோள்பைப் பட்டையில் கட்டினார். "தொலைஞ்சா இதைப் பாத்து வருவேன்."

கொட்டு தொடங்குவதற்கு முன் தப்புக்காரர்கள் ஓலை கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார்கள். கடல் காற்றின் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். ஒரு பெரியவர் சுண்டிப் பார்த்தார், சாக்கில் அடித்தது மாதிரி சத்தம். நெருப்புக்கு மேல் வட்டமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார், உள்ளங்கையால் தடவினார், மறுபடி சுண்டினார். கணீரென்றது. முன்பெல்லாம் அந்த ஓலை எரிகிற வாடைதான் எங்களுக்கு மூடி திறக்கிற நேரம். தர்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பாட்டிலை ஊரிலிருந்து கொண்டுபோனது நாங்கள்தான். பெரியவர் காய்ச்சி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் கஷ்டமாகிவிட்டது. பழைய கூட்டாளி ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். "மாப்ள, ஒரு வருசத்துக்கு ஒரு நாள்டா. வேன் அங்கதான் நிக்குது." அவன் கையில் ஒன்றுமில்லை, அவன் மூச்சிலிருந்த வாடையே போதுமானதாக இருந்தது. கால் அந்தப் பக்கம் திரும்பியது. அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார். 1935-இல் பில் என்ற மனிதர் அக்ரன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் தனியாக நின்றபோது, பாரிலிருந்து வந்த சிரிப்புச் சத்தம் இழுக்க, உள்ளே போகாமல் தொலைபேசியை எடுத்தார். இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் பிடித்துப் பேசினார். ஏ.ஏ. பிறந்தது அப்படித்தான். நானும் போனை எடுத்தேன்.

"பலூனைத் தூக்கிப் பிடி, வந்துட்டேன்."

வந்தவர் முதலில் தொதலைத்தான் பிரித்தார். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் ஒன்று வந்தாலும் உஷார் என்று கூட்டங்களில் சொல்வார்கள். எனக்கு அப்போது மூன்று இருந்தது. டீக்கடைச் சுவரோரம் உட்கார்ந்தோம். இரண்டு பேர் இருந்தாலே அது கூட்டம்தான். என் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கினேன். அரைமணி நேரம் பேசினேன். அவரும் தன்னுடையதைச் சொன்னார். நாங்கள் எழுந்தபோதும் கொட்டு நிற்கவில்லை.

கிழக்கு வெளுக்கிற நேரத்தில் முதலில் தாரை தப்பட்டை வந்தது, பின்னால் குதிரைகள், அதற்குப் பின்னால் விளக்கு ஜோடனையோடு ஆள் உயரத்துக்கு மேலே ஆடி ஆடிக் கூடு. மல்லிகையும் சந்தனமும் கலந்த வாசம் எங்களைத் தாண்டிப் போனது. ராத்திரி பார்த்த தப்புக்காரப் பெரியவர் அந்தக் கூட்டத்தில் அடித்துக்கொண்டு போனார், வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு அடியும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அஞ்சு பத்துக்கும்மா. அஞ்சு பத்துக்கு வந்துச்சு."

"முன்னாடி குதிரை வந்துச்சா?"

"நாலு குதிரைம்மா. ஒண்ணு வெள்ளை." நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ராமநாதபுரம் பஸ் வரும்வரை பேசினோம்.