கறுக்காத கரிசாலை

டீக்காக உலர்த்திய வெள்ளைக் கரிசாலை (கரிசலாங்கண்ணி) கடைசியில் பச்சையாகவே காய்ந்துவிட்டது! நாட்டுமருந்துக் கடைப் பொட்டலத்தில் வரும் கருந்தூள் மாதிரி இல்லை, கையால் நொறுக்கிய பிறகும் பச்சை. செய்முறையை இப்போதே எழுதி வைக்காவிட்டால் அடுத்த அறுவடைக்குள் நானே மறந்துவிடுவேன்.

கரிசாலை உலர்த்தியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்ததுதான். தண்டைக் கிள்ளினால் கசியும் சாறு கண் முன்னாலேயே கறுக்கும். விரலில் ஏறிய கறை சோப்புக்கு மசியாது. கூந்தல் தைலத்துக்கும் கண்மைக்கும் இந்தக் குணம்தான் வேண்டும், டீக்கு அதுவே வினை. நிழலில் போட்டாலும் கிள்ளிய காம்பில் தொடங்கும் கறுப்பு நடுநரம்பு வழியாக இலை முழுக்க ஏறிவிடும். அதைக் கொதிக்க வைத்தால் சேற்று வாடை. ஈரலுக்கு நல்லது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பவர்கள் குடிக்கட்டும், எனக்கு டீ என்றால் வாய்க்கும் பிடிக்க வேண்டும்.

வழி கிரீன் டீக்காரர்களிடம் கிடைத்தது. பறித்த இலையின் நிறத்தை மாற்றும் நொதி (என்சைம்) வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே சூடு காட்டி அதை முடக்கிவிடுகிறார்கள். ஜப்பானில் ஆவி, சீனாவில் பெரும்பாலும் வாணலி. வாணலியில் முதலில் வறுத்துப் பார்த்தேன். இலை ஓரம் தீய்ந்தது, நரம்பு மட்டும் கறுப்பாகவே நின்றது. ஆவிதான் சரி.

இட்லிப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஆவி மூடியைத் தூக்கும் வரை இலையை உள்ளே வைக்கவே கூடாது. மிதமான சூட்டில் நொதி முடங்காது, இன்னும் வேகமாக வேலை செய்யும். இலை ஒன்றன்மேல் ஒன்று கிடந்தாலும் இதே கதை: மேலடுக்கு பச்சை, அடியில் இருப்பது கறுப்பு. அதனால் துணி விரித்து ஒற்றை அடுக்கு, ஒரு நிமிடத்துக்கும் குறைவு, துணியோடு தூக்கி உடனே மின்விசிறிக்குக் கீழே. கழுவிய ஈரம் இலையில் நின்றால் ஆவி சேர்ந்து குழைந்துவிடும். எனவே கழுவி, நீர் வடிந்து, மேல்பரப்பு உலர்ந்த பிறகே பானைக்குப் போக வேண்டும். கத்தரிக்கோல் வேண்டாம், வெட்டிய விளிம்பெல்லாம் கறுப்புக்கு வாசல். காம்போடு ஒவ்வொன்றாகக் கிள்ளுவதுதான் சலிப்பான வேலை, குறுக்கு வழி எதுவும் கிடைக்கவில்லை. பிறகு வெயில் படாமல் மெல்லிய துணியில் பரப்பி, நடுநரம்பு முறிந்து ஒடியும் வரை காய விடுவது.

டீ இளம் மஞ்சள் கலந்த பச்சை. புல் வாசம், கடைசியில் லேசான கசப்பு. வடிகட்டியை நம்ப வேண்டாம். இந்த இலையில் சொரசொரப்பான மயிர் உண்டு, தொண்டையில் உறுத்தும். இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டினால் பிரச்சினை இல்லை. வள்ளலார் சொன்னபடி தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் மூன்றையும் இதோடு சேர்க்க ஆசை. சீரகம் மட்டும் தயார். முசுமுசுக்கைக் கொடி இன்னும் ஒரு கைப்பிடிகூடத் தரவில்லை.

ஆயத்தக் கலவை வாங்கலாமே என்பவர்களுக்கு: நான் வாங்கிய ஒரு 'ஈரல் காக்கும்' பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் சீந்தில் கொடியின் பெயரும் இருந்தது. சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சண்டை யார் பக்கம் முடிந்தாலும், ஈரலுக்காகக் குடிக்கும் டீயில் அந்தச் சந்தேகம் எனக்கு வேண்டாம். பொட்டலம் குப்பைக்குப் போயிற்று. தூள் வாங்குவதையும் அன்றே நிறுத்தினேன். முழுச் செடியாகக் கொடுப்பவரிடம் மட்டும் வாங்குகிறேன், பூத்தலையைப் பார்த்தால் வெள்ளையா மஞ்சளா என்று தெரிந்துவிடும். சாக்கடை ஓரத்துக் கரிசாலையைப் பறித்து வருபவர்களும் உண்டு, எங்கே பறித்தது என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கீழாநெல்லி. தொட்டிகளில் தானாகவே முளைத்து நிற்கிறது. காய் வழவழப்பாக, சிறு காம்பில் தொங்கினால் நமக்கு வேண்டியது. காம்பே இல்லாமல் சொரசொரவென்று ஒட்டியிருந்து தண்டும் சிவந்திருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி. தென்னிந்தியச் சந்தைச் சரக்கைச் சோதித்தபோது இந்த இனங்கள் கலந்தே கிடந்தன, அதனால் சொந்தத் தொட்டிதான் நிம்மதி.

கீழாநெல்லி என்றதும் லான்செட் மருத்துவ இதழில் 1988-ல் வந்த ஆய்வை எடுத்துப் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் தியாகராஜன், புளூம்பெர்க் குழு ஹெபடைடிஸ் பி கிருமி தங்கியிருந்தவர்களுக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்ததில், 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது உண்மை. பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை என்பதும் உண்மை. ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும், பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போகும். கண் மஞ்சளானால் டீ போட்டுக்கொண்டு உட்காராமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். பித்தப்பைக் கல் அடைத்து வந்த காமாலைக்கு எந்த இலையும் வழி திறக்காது.

இன்னொன்று, கீழாநெல்லியில் அதிகம் பேசப்படும் ஃபில்லாந்தின் என்ற வேதிப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது. டீயில் இறங்குவது முக்கியமாகத் துவர்ப்புச் சத்துகள். அதனால் அதிக நேரம் கொதிக்க விட்டுக் கசப்பை ஏற்றுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

கீழாநெல்லியில் கறுப்புத் தொல்லை கிடையாது. வேறு வம்பு: காய்ந்ததும் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சி மிஞ்சும். செடியைத் தலைகீழாகத் துணிப்பைக்குள் கட்டித் தொங்கவிடப் போகிறேன், உதிர்ந்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும். அதற்கு முன்னால் கரிசாலைக்கு நல்ல டப்பா பார்க்க வேண்டும். கண்ணாடிச் சீசாவில் போட்டது ஈரம் இழுத்து மறுபடி துவளத் தொடங்கியிருக்கிறது.