தமிழோசையில் வந்த பெர்லின்

1989 நவம்பர் 10 அன்று இரவு, ஐப்பசி மழை ஓயாத பாளையங்கோட்டை வீட்டில், தாத்தா வானொலிப் பெட்டியைக் காதோடு அணைத்தபடி பி.பி.சி. தமிழோசை கேட்டுக்கொண்டிருந்தார். ஆலைத் தொழிலாளியாகச் செங்கொடி பிடித்து நடந்தவர் அவர். "ஏலே, சத்தம் போடாத, பெர்லின் சுவரத் தொறந்துட்டாவளாம்" என்று என்னை அடக்கிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

முந்தைய நாள் மாலை, கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி, மக்கள் மேற்கே செல்ல வழிவிடும் புதிய பயண விதி எப்போது நடைமுறைக்கு வரும் என்று செய்தியாளர்கள் கேட்டபோது, கையிலிருந்த தாளைப் புரட்டிவிட்டு, தமக்குத் தெரிந்தவரை உடனடியாக என்று சொல்லிவிட்டார். மக்கள் எல்லைச் சாவடிகளில் திரண்டனர். மேலிடத்திலிருந்து தெளிவான ஆணை வராத நிலையில், பெர்லினின் போர்ன்ஹோல்மர் தெருச் சாவடிக் காவலர்கள் இரவு பதினொன்றரை மணியளவில் வழிவிட்டனர். கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரித்து 1961 ஆகஸ்டில் எழுந்த சுவர் 28 ஆண்டுகள் நின்றிருந்தது.

ஆயினும் அந்த நாத்தவறுதலுக்கே எல்லாப் பெருமையையும் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பே, அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில், துப்பாக்கிச் சூடு நடக்கலாம் என்று அஞ்சியும், ஏறத்தாழ 70,000 பேர் மெழுகுவத்திகளோடு வீதிக்கு வந்து "நாங்களே மக்கள்" என்று முழங்கினார்களே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

1990 ஜூலையில் இரு ஜெர்மனிகளின் நாணயமும் ஒன்றானது. கிழக்கில் ஆலைகள் மூடப்பட்டுப் பல இலட்சம் பேர் வேலையிழந்த செய்திகள் வந்தபோது தாத்தா வெகுநேரம் பேசாதிருந்தார். அக்டோபர் 3 அன்று இரு நாடுகளும் இணைந்தபின், என் பள்ளி வரைபட நூலை வாங்கி, ஜெர்மனியின் நடுக்கோட்டை அழிப்பானால் மெல்லத் தேய்த்தார். அச்சு மை போகவில்லை, தாள்தான் கிழிந்தது.